எவ்வளவு தூரம் நடக்கணும், பாப்பா?

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் பதினொரு வரி மாத்திரைகளைப் பற்றியே இருந்தது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாள் என்று எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாவது வரியில் மட்டும் இரண்டே வார்த்தை: தினமும் நடக்கவும்.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து மூன்று வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அளவு தெரியாமல் எதையும் செய்யமாட்டார். அம்மா காபியில் போடும் சர்க்கரையைக்கூட எட்டிப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு தூரம் நடக்கணும், பாப்பா?"

இது 2015இல். நான் பிசியோதெரபி முடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. சொந்தமாகக் கிளினிக், வாசலில் போர்டு, நாளுக்கு இருபது பேர். என் பதில்: "முடிஞ்ச அளவு நடங்கப்பா."

பத்தாவது நாள் காலை அவர் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். சாப்பிடுவதற்கு முன்னால் நடந்தால்தான் பலன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று கைப்பிடிச் சுவரில் எடுத்து வைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். அம்மா காபியோடு மேலே போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அம்மாவின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரத்தச் சர்க்கரை குளுக்கோமீட்டரில் வெறும் 48. சுவரில் அறுபத்து மூன்று புளியங்கொட்டை.

நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். நான்தான் தெளியவில்லை. அவர் போட்ட சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு, சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும். நடக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும் என்பது தெரியும். இதயத்துக்காகக் கொடுத்த பீட்டா பிளாக்கர், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும்தான் மறைக்காது என்பதும் தெரியும். நாலரை வருடப் படிப்பில் இவை வெவ்வேறு பேப்பர்களில் வந்தன. வெவ்வேறு வருடங்களில் பாஸ் செய்தேன். மூன்றும் ஒரே மனிதருக்குள், ஒரே மொட்டைமாடியில், ஒரே காலையில் வந்து சேரும் என்று எந்தப் பேப்பரிலும் கேட்கவில்லை.

மறுபடி படிக்கலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான். போக இரண்டு வருடமானது. 2017இல், முப்பத்தொரு வயதில், மகளை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு முதுகலை சேர்ந்தேன். இதயமும் நுரையீரலும் என் சிறப்புப் பாடம். உடன் படித்த சிநேகிதிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் சோறு போடுவது முழங்காலும் இடுப்பும்தான். ஜனங்களுக்கு பிசியோதெரபி என்றால் 'கரண்டு வைக்கிறது'. பத்து நாள் கரண்டு வைத்தால் பத்து நாளைக்குக் காசு. ஹார்ட் பேஷண்டை நடக்கச் சொல்லிக்கொடுக்க யார் காசு தருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இன்றைக்கும் அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

முதல் வகுப்பில் பேராசிரியர் ஒன்று கேட்டார். "மருந்துச்சீட்டுல 'மாத்திரை சாப்பிடவும்'னு மட்டும் எழுதிக் குடுத்தா மெடிக்கல் ஷாப்காரன் என்ன தருவான்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம், எந்த வகை: உடற்பயிற்சிக்கும் இந்த நான்கும் இல்லாமல் சீட்டு எழுதக்கூடாது என்பதுதான் அந்த இரண்டு வருடத்தின் அடிப்படை. அதற்கு மேல், எந்த மருந்தோடு சேர்ந்து, எந்த நோயோடு சேர்ந்து என்பது வரும். பாடம் முழுக்க இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கிறது.

இந்தத் துறை எவ்வளவு தாமதமாக வந்தது என்பது படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சுவலியை ஆஞ்சைனா என்று பெயர் வைத்து முதலில் விவரித்த ஆங்கில மருத்துவர் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒருவருக்கு அந்த வலி கிட்டத்தட்டக் குணமாகிவிட்டது என்று ஒற்றை வரி எழுதி வைத்திருக்கிறார். அது அச்சில் வந்தது 1802இல். அதன்பிறகும் ஒன்றரை நூற்றாண்டு மாரடைப்பு வந்தவர்களைப் படுக்கையில்தான் போட்டார்கள். வாரக்கணக்கில், திரும்பிப் படுக்கக்கூட நர்ஸ் உதவியோடு. 1952இல் அமெரிக்காவில் லெவின், லோன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெறுமனே நாற்காலியில் உட்காரவைத்ததே அன்றைக்குப் பெரிய துணிச்சலாக இருந்தது.

படுக்கை என்ன செய்யும் என்பதைக் காட்டியது 1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வு. இருபது வயது ஆரோக்கியமான பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். ஐம்பது வயதில், தொப்பையும் நரையுமாக இருந்தவர்களின் திறன், இருபது வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்ததைவிட மோசமாக இல்லை. இதை வாசித்த இரவு, பைபாஸ் ஆகி வீட்டுக்கு வந்த பெரியப்பாவை ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் 'ஆபரேஷன் பண்ணின உடம்பு' என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த எங்கள் குடும்பத்து அன்பை நினைத்துக்கொண்டேன்.

லண்டன் பஸ் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஒரு பஸ் டிரைவரிடமே சொல்லி மூக்குடைபட்டிருக்கிறேன். ஜெர்ரி மாரிஸ் என்பவர் 1953இல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு சொன்ன முதல் பெரிய ஆய்வு அது. எங்களிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவரிடம் உற்சாகமாக இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வண்டியில கண்டக்டருக்குத்தான்மா முதல்ல அட்டாக் வந்துச்சு. அவன் இந்தப் பேப்பரைப் படிக்கல போல."

மாரிஸே பிறகு தன் முடிவைச் சந்தேகப்பட்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. போக்குவரத்துத் துறை தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்தது. அப்படியானால் வேலை அவர்களைப் பெருக்க வைத்ததா, பெருத்தவர்கள் அந்த வேலைக்குப் போனார்களா? தன் ஆய்வின் ஓட்டையைத் தானே தையற்காரர் கணக்கில் போய்த் தேடிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொண்ணூற்றொன்பது வயதுவரை வாழ்ந்தார்.

நம் ஊர் எண்கள் இல்லாமலில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை வரும் கட்டத்தில் இருந்த 531 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் கேட்டுக்கொண்டவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் கிட்டத்தட்ட 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. மாத்திரைக்குச் சமமாக நடை நின்றது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குச் சொன்னபோது என் மனதில் ஓடியது, அத்தனை கோடிச் சீட்டிலும் அந்தப் பன்னிரண்டாவது வரி எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதுதான்.

ஏன் வேலை செய்கிறது என்று அப்பாவுக்கு இப்படி விளக்கினேன். தசை ஒரு வீடு. சர்க்கரை உள்ளே போக இன்சுலின் முன்வாசலைத் தட்ட வேண்டும். சர்க்கரை நோயில் தட்டினாலும் உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது பின்வாசலைத் தானே திறந்துவிடும், இன்சுலின் தேவையில்லை. வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் தசைக்குக் கொஞ்சம் காது நன்றாகக் கேட்கும். அதனால்தான் இரண்டு நாள் தொடர்ந்து நடக்காமல் விடாதீர்கள் என்கிறோம். அப்பா யோசித்துவிட்டு, "அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு எடுக்கலாம்" என்றார். மில்காரர்.

கடுமையை அளப்பதுதான் பெரிய தலைவலி. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு என்று ஜிம் சுவர்களில் எழுதியிருப்பார்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் நாடி அந்தப் பக்கமே போகாது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அவரை விரட்டினால் ஆபத்து. அதனால் நோயாளியையே கேட்கிறோம். ஸ்வீடனின் கன்னர் போர்க் தந்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளவயதினரின் நாடித்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும் என்பது அதன் சூட்சுமம். அட்டையை நீட்டி, "இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்குங்கய்யா, ஆறுலேருந்து இருபதுக்குள்ள சொல்லுங்க" என்றால் நம் பெரியவர்கள் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு பத்தணா இருக்கும்மா" என்றார். பதினாறுக்குப் பத்து. அன்றிலிருந்து அவர் வயதுக்காரர்களிடம் அணாவில்தான் கேட்கிறேன். எந்தச் சஞ்சிகையும் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் அதே ஆள் அடுத்த வாரம் 'எட்டணா' என்று சொன்னால் எனக்குப் புரிகிறது.

இன்னொரு வழி, பேச்சை வைத்துப் பார்ப்பது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான கடுமை. இதை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆத்தாவிடம் சொன்னேன். "பாடிப் பாடித்தானடி நாத்து நட்டோம்" என்றார். பாட முடிந்தால் வேலை போதவில்லை என்று என் பாடம் சொன்னது. குனிந்து, சேற்றில், நாள் முழுக்க. யாருக்கு எது மிதம் என்று அந்தப் பாடத்தை எழுதியவர்கள் யாரிடம் கேட்டார்களோ.

அந்த ஆத்தாவுக்கு சி.ஓ.பி.டி., மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். வாழ்க்கையில் பீடியைத் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பு, சீமைக்கருவேல முள், ஜன்னல் இல்லாத அடுக்களை. "பீடி குடிக்கிறவன் வியாதி எனக்கு எதுக்குத் தாயி வந்துச்சு?" என்று முதல் நாளே கேட்டார். மூச்சு வாங்கினால் உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும், அதற்கான பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, "ஊதாங்குழல்ல ஊதுற மாதிரியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு என்னால் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. முப்பது மீட்டர் நேரான நடைபாதை, இரண்டு முனையிலும் கூம்பு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று அளப்பது. கேட்க எளிது. என்ன பேசலாம் என்பதற்குக்கூட விதி இருக்கிறது: ஒவ்வொரு நிமிடமும் குறிப்பிட்ட வாக்கியத்தை, ஒரே குரலில். கூடவே நடக்கக்கூடாது, நடந்தால் நம் வேகத்துக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். நான் பயிற்சியில் இருந்த ஆஸ்பத்திரியில் முப்பது மீட்டர் நடைபாதை ஒன்றுதான், அதன் நடுவில் மருந்து வாங்கும் வரிசை. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் பாதை கிடைக்கும். ஆத்தாவுக்கு வேறு பிரச்சினை. பேசாமல் நடக்கச் சொன்னால் கோபம் வந்துவிடும். நான் விதிப்படி "நல்லா நடக்கிறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றால், "நீ எதுக்குடி பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி பேசுற?" என்பார். முதல் தடவை 204 மீட்டர். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆக்ஸிஜன் 94இலிருந்து 87க்கு இறங்கியது.

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. முடிவில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தபோது எண் அசையவே இல்லை. நான் பயந்துபோனேன். பேராசிரியர் சிரித்தார். "நுரையீரல் மாறாதும்மா. போனது போனதுதான். கால் மாறியிருக்கும் பாரு." பழகிய கால் தசை அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் கடக்கும். இருக்கிற மூச்சையே கொஞ்சம் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். நடைப் பரிசோதனை 246 மீட்டர் காட்டியது. 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு.

இத்தனையும் படித்த பிறகு எனக்குத் திமிர் வந்துவிட்டிருந்தது. சரியான அளவு கொடுத்தால் எதுவும் சரியாகும் என்று நம்பினேன். 2021இல், கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பிறகு, நாற்பத்தொரு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகியும் அசதி போகவில்லை. ஸ்கேன், ஈ.சி.ஜி., ரத்தம் எல்லாம் சரியாக இருந்தது. நான் அழகாக அட்டவணை போட்டேன். முதல் வாரம் ஐந்து நிமிடம், வாரா வாரம் கொஞ்சம் கூட. என்னிடம் வரும்போதெல்லாம் நன்றாகவே செய்தார். இரண்டு நாள் கழித்துத்தான் அடிவிழும், அப்போது நான் பார்க்கமாட்டேன். கணவர் போன் செய்து, நேற்றிலிருந்து எழவே இல்லை என்றார். "பயப்படாம விடாம பண்ணச் சொல்லுங்க, உடம்பு பழகிடும்" என்றேன். ஐந்தாவது வாரம் அவரால் நின்று குளிக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டுக் குளித்தார். பிள்ளைகளுக்கு ஜடை போடக் கையைத் தூக்க முடியவில்லை.

உழைத்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகச் சரியும் இந்த வகை அசதிக்கு, படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைக் கொடுக்கக்கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலை மாற்றியது அதே வருடம் அக்டோபரில். நீடித்த சோர்வு நோய்க்காரர்கள் அதற்கு முன்பே பல வருடங்களாகக் கத்திக்கொண்டிருந்தார்கள், எங்களைப் போன்றவர்கள்தான் அவர்களைச் சோம்பேறி என்றோம். நான் அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அட்டவணையைக் கிழித்துவிட்டு வேறு வேலை செய்தோம்: எந்த வேலைக்குப் பிறகு சரிகிறார் என்று நோட்டில் எழுதுவது, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவது, உட்கார்ந்து காய் நறுக்குவது. பயிற்சி என்று எதுவும் இல்லை. மெல்ல மேலே வந்தார், முழுதாக இல்லை. இன்றும் மாடி வகுப்பு எடுப்பதில்லை. எந்த மாத்திரைக்கும் 'இவருக்குக் கொடுக்காதே' என்று ஒரு பட்டியல் இருக்கும் என்று தெரிந்தவள், என் மருந்துக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்காமல் போய்விட்டேன்.

இப்போது யாராவது வந்தால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறேன். சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தினால் தெரியாது. மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடாமல் வாசல் தாண்டாதீர்கள் என்பது என் சீட்டில் முதல் வரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கேள்வி வரும்: "கிரிவலம் போகலாமா மேடம்?" பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு. அண்ணாமலையார் செருப்புக்குக் கோபிக்கமாட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தடிமனான சாக்ஸ், பாதி தூரம், கூட ஒரு ஆள், பையில் சர்க்கரை என்று பேரம் பேசி முடிப்பேன்.

அப்பா காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடக்கிறார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். புளியங்கொட்டையை விடவில்லை, வேளைக்குப் பதினெட்டு.

ஆத்தாவிடம் அந்த 42 மீட்டரைச் சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரேஷன் கடைக்குப் போகிற வழியில் டீக்கடைப் பக்கம் ஒரு கல் கிடக்குமாம். நாலு வருடமாக அதில் உட்காராமல் அவரால் கடைக்குப் போக முடிந்ததில்லை. "நேத்து அதுல உக்காராமப் போயிட்டேன், தாயி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை எடுத்து எழுதப் போனேன்.

"திரும்பி வரயில உக்காந்தேன்" என்றார். "மூச்சு வாங்கிச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லடி. டீக்கடைக்காரன் கோவிச்சுக்கிட்டான்ல. நாலு வருசம் பேசிப் பழகின மனுசன்."